பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

மாதவரம் ரவுண்டானாவில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மேம்பாலம் தெரியும். மெட்ரோ வேலை தெரியும். கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி ஆகாயம் வரைக்கும் தெரியும். இதற்கெல்லாம் நடுவே, கம்பத்துக்குக் கம்பம், ஏரிக்கரைக் கொக்கு போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு சில வெள்ளை உருவங்கள் நிற்கும். கேமராக்கள். நீங்கள் அவற்றைப் பார்ப்பதற்கு முன்பே அவை உங்களைப் பார்த்துவிட்டன.

இந்த விஷயத்தில் சென்னை உலகப் புகழ் பெற்றது. 2020-ல் சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் உலகின் 130 பெருநகரங்களை எடுத்துக்கொண்டு, எந்த ஊரில் கேமரா நெருக்கம் அதிகம் என்று கணக்குப் போட்டது. முதலிடம் சென்னைக்கு. சதுர கிலோமீட்டருக்கு 657. இரண்டாவது ஹைதராபாத், 480. சீனாவின் ஹார்பின் 411. பெய்ஜிங் வெறும் 278! அடுத்த வருஷம் போர்ப்ஸ் வெளியிட்ட பட்டியலில் டில்லி முந்திக்கொண்டது. சென்னைக்கு மூன்றாமிடம். இந்த எண்களைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். சர்ஃப்ஷார்க் இணைய அந்தரங்கத்துக்குப் பூட்டு விற்கிற கம்பெனி. திருடன் கதை சொல்வதில் பூட்டு வியாபாரிக்கு லாபம் உண்டு. ஆனாலும் 'சீனாக்காரன் எல்லாரையும் கேமராவில் பார்க்கிறான்' என்று டீக்கடையில் பேசுகிறவர், பேசும்போது தன் தலைக்கு மேலே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தத் தலைக்கு மேலே இருப்பதும் பெரும்பாலும் சீனத்துச் சரக்குதான். உலகத்தின் கண்காணிப்பு கேமராக்களில் பெரும்பங்கு ஹிக்விஷன், தஹுவா என்ற இரண்டு கம்பெனிகளிலிருந்து வருகிறது. இரண்டுக்குமே தலைமையகம் ஹாங்சோ நகரம். 2021-ல் நாடாளுமன்றத்தில் ஒரு மத்திய அமைச்சரே சொன்னார்: நம் அரசு அலுவலகங்களில் மட்டும் சீனக் கம்பெனிகளின் கேமராக்கள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன என்று. அதற்கப்புறம் கவலைப்பட்டு, இணையத்தோடு பேசுகிற கேமராக்களை அரசு ஆய்வகத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் விற்கலாம் என்று விதி செய்து, 2025 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டு வந்தார்கள்.

கேமரா எந்த நாட்டுச் சரக்கு என்பது அரசாங்கத்தின் கவலை. நமக்கு அதைவிடப் பழைய கவலை ஒன்று இருக்கிறது. ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் நல்லவர்கள் ஆகிவிடுவோமா?

முதலில், கேமரா பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். மூலக்கடைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். சின்னக் கடையில் நாலு கேமரா.

"மாட்டினதுலேர்ந்து ராத்திரி நிம்மதியாத் தூங்குதேன் சார். முன்னல்லாம் வாசல்ல வச்ச சைக்கிள் காலையில இருக்காது. இப்ப பாருங்க, அது பாட்டுக்கு நிக்கி."

"எதுக்கு அண்ணாச்சி நாலு?"

"ஒண்ணு வாசலுக்கு. ஒண்ணு கல்லாவுக்கு. ரெண்டு வேலை பாக்கற பயலுகளுக்கு."

"உங்களைப் பாக்க?"

சிரித்தார். "என்னைய மேல உள்ளவன் பாத்துக்கிடுவான்."

இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அண்ணாச்சி சொல்வதில் பொய்யில்லை. 2017-க்குப் பிறகு சென்னை போலீஸ் 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்து, வியாபாரிகளிடமும் குடியிருப்போர் சங்கங்களிடமும் பேசித் தெருத்தெருவாகக் கேமரா மாட்ட வைத்தது. சங்கிலி அறுத்தவனைப் பிடிக்கவும், இடித்துவிட்டு ஓடிய லாரியின் நம்பரைக் கண்டுபிடிக்கவும் அது உதவியது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் ஒரு பெண்ணைக் கேட்டால், 'அந்தரங்கம் கிடக்கட்டும் சார், தெருமுனையில ஒரு கேமரா இருந்தா எனக்குத் தைரியமா இருக்கு' என்பாள். அவளிடம் தத்துவம் பேசுகிறவன் முதலில் அவள் நடக்கிற தெருவில் நடந்து பார்க்க வேண்டும். (மூன்றாவது கண் திறந்தால் எதிரே நிற்பவன் சாம்பல் என்பதுதான் நம்மூர்க் கதை. பெயர் வைத்தவர்கள் அதை யோசித்தார்களா தெரியாது.)

சரி, சீனாவுக்குப் போவோம். இந்தப் பரிசோதனையை உலகத்திலேயே பெரிய அளவில் செய்து பார்த்திருப்பவர்கள் அவர்கள்.

சீனாவில் ஒவ்வொரு மனிதனுக்கும் அரசாங்கம் ஒரு மார்க் போடுகிறது, சிகரெட் பிடித்தால் மார்க் குறையும், பெற்றோரைக் கவனித்தால் ஏறும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முக்கால்வாசி கதை. நாடு முழுவதற்குமான அப்படி ஒரே மார்க் கிடையாது. 2014-ல் 'சமூக நம்பகம்' என்று ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். அதன் கீழ் சில ஊர்கள் தனித்தனியாக விளையாடிப் பார்த்தன. ஷான்டாங் மாகாணத்தில் ரோங்செங் என்ற ஊரில் எல்லோருக்கும் 1000 மார்க் கொடுத்து, நல்லது செய்தால் ஏற்றி, கெட்டது செய்தால் இறக்கினார்கள். நாடு தழுவி நடந்தது வேறு: கோர்ட் கட்டச் சொன்ன கடனைக் கட்டாதவர்களின் கறுப்புப் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் விமான டிக்கெட் இல்லை, அதிவேக ரயில் இல்லை. 2018 முடிவதற்குள் 1 கோடியே 75 லட்சம் தடவை விமான டிக்கெட்டும், 55 லட்சம் தடவை ரயில் டிக்கெட்டும் மறுக்கப்பட்டன. இந்த ஏற்பாடு நம்மூரில் இருந்திருந்தால் சில பெரிய மனிதர்கள் லண்டனுக்குப் போயிருக்கவே முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் தோன்றியது.

வேடிக்கைகளும் உண்டு. பெய்ஜிங்கின் புகழ்பெற்ற சொர்க்கக் கோயில் பூங்காவில், கழிப்பறைக் காகிதத்தைச் சுருள் சுருளாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள் ஜனங்கள். 2017-ல் நிர்வாகம் ஒரு மெஷின் வைத்தது. முகத்தைக் காட்டினால் 60 சென்டிமீட்டர் காகிதம் வரும். அதே முகத்துக்கு மறுபடி வேண்டுமானால் ஒன்பது நிமிஷம் காத்திருக்க வேண்டும். வயிறு சரியில்லாதவர் கதி என்ன என்று மெஷினுக்குத் தெரியாது.

2018 நவம்பரில் நிங்போ நகரத்தில், சிக்னலை மதிக்காமல் சாலையைக் கடப்பவர்களின் முகத்தைப் பெரிய திரையில் போட்டு மானத்தை வாங்கும் ஏற்பாடு ஒன்று நடந்தது. ஒருநாள் திரையில் தோன்றிய முகம் டாங் மிங்சூ என்ற பெண்மணியுடையது. நாட்டின் மிகப் பெரிய ஏ.ஸி. கம்பெனியின் தலைவர். அவர் அந்தச் சாலையில் காலே வைக்கவில்லை. அந்தப் பக்கம் போன பஸ்ஸின் விளம்பரத்தில் அவர் படம் இருந்தது, அவ்வளவுதான். போலீஸ் மன்னிப்புக் கேட்டது. ஏ.ஸி. கம்பெனித் தலைவியிடம் உடனே கேட்டார்கள். விளம்பரத்தில் வராத முகங்களிடம் யார் கேட்பது?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காகிதத் திருட்டு குறைந்தால், கோயிலுக்கு வருகிறவர்கள் திருந்திவிட்டார்கள் என்று அர்த்தமா? ஒன்பது நிமிஷம் என்பது கணக்கு. அதற்கு மனசாட்சி வேண்டியதில்லை.

2006-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன சோதனை செய்தார்கள். ஆசிரியர்கள் தாங்களே காபி போட்டுக் குடித்துவிட்டு உண்டியலில் காசு போடும் அறை. விலைப்பட்டியலுக்கு மேலே ஒரு வாரம் பூக்களின் படம், அடுத்த வாரம் இரண்டு கண்களின் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண்கள் இருந்த வாரங்களில் உண்டியலில் ஏறத்தாழ மூன்று மடங்கு காசு விழுந்தது. பின்னால் வந்தவர்கள் இதே மாதிரி சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, கண் படம் ஒட்டினால் மனிதன் தாராளமாகிவிடுகிறான் என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்றும் எழுதினார்கள். எப்படியோ, நம்மூர் வியாபாரிக்கு இந்த ரகசியம் முன்னாலேயே தெரியும். மின்சாதனக் கடைகளில் 'டம்மி கேமரா' கிடைக்கும். உள்ளே ஒன்றுமில்லை, சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். அதுவும் வேலை செய்கிறது என்கிறார்கள்.

கட்டடம் கட்டும்போது முழியைப் பிதுக்கிக்கொண்டு ஒரு திருஷ்டி பொம்மை கட்டுகிறோமே, அதுவும் ஒரு கண்தான். ஆனால் அதன் வேலை வேறு. ஊரான் கண் நம்மேல் படக்கூடாது என்பதற்காகக் கட்டுவது. பிறர் பார்வை பட்டாலே பால் திரியும், பயிர் வாடும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று பயந்த ஜாதி நாம். இன்றைக்கு அதே வாசலில் திருஷ்டி பொம்மை ஒரு பக்கம், 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' போர்டு மறுபக்கம். ஒரு கண்ணை விரட்டவும் ஒரு கண்ணைக் கூப்பிடவும் ஒரே சுவரில் ஆணி அடித்திருக்கிறோம்.

இனி, சிரிக்க முடியாத ஒரு சம்பவம்.

2011 அக்டோபர் 13. தென் சீனாவில் ஃபோஷான் நகரம். நம் பாரிமுனை மாதிரி இரும்புச் சாமான் கடைகள் நெருக்கியடித்த ஒரு சந்தைத் தெரு. சாயங்கால நேரம். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு வேன் ஏறியது. ஓட்டியவன் நிறுத்தி, யோசித்து, பின்சக்கரத்தையும் ஏற்றிவிட்டுப் போனான். இன்னொரு வண்டியும் ஏறியது. சுமார் ஏழு நிமிஷத்தில் அந்தக் குழந்தையைத் தாண்டி நடந்தும் வண்டியிலும் 18 பேர் போனார்கள். குனிந்து தூக்கவில்லை. கடைசியில் குப்பை பொறுக்கும் ஒரு பெண் வந்தாள். அவள்தான் தூக்கி ஓரமாகக் கிடத்தி, தாயைத் தேடிக் கத்தினாள். எட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்தது.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? கேமரா. அந்தத் தெருவில் கேமரா இருந்தது. வேனைப் பார்த்தது, பதினெட்டுப் பேரையும் பார்த்தது, ஒவ்வொருவர் நடையையும் பதிவு செய்தது. அதற்குத் தெரியாதது எதுவுமில்லை. குனிந்து தூக்க மட்டும் அதற்குக் கையில்லை. கையிருந்தவர்கள் பதினெட்டுப் பேர்.

சீனாவே உலுக்கிப்போட்ட மாதிரி ஆனது. ஏன் ஒருவரும் நிற்கவில்லை என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பலரும் சுட்டிக்காட்டியது ஒரு பழைய வழக்கை. 2006-ல் நாஞ்சிங்கில் பஸ் நிறுத்தத்தில் விழுந்துவிட்ட ஒரு கிழவியை ஓர் இளைஞர் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கிழவி, இவர்தான் இடித்தார் என்று வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் கோர்ட் சொன்ன தீர்ப்பின் சாரம்: நீ இடிக்கவில்லையென்றால் ஏன் இவ்வளவு உதவி செய்தாய்? செலவில் 40 சதவீதம் கட்டு. அவர் உண்மையிலேயே இடித்திருந்தார் என்று 2012-ல் அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குள் ஊர் பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. கீழே விழுந்தவரைத் தொடாதே. தொட்டால் நீதான் குற்றவாளி.

இது சீனாவில் மட்டும் கேட்கிற பேச்சா? 'நமக்கெதுக்கு வம்பு, போலீஸ் கேஸ் ஆயிடும்' என்ற வாக்கியத்தை நம் சாலைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அதனால்தான் 2016-ல் நம் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவரைப் போலீஸும் ஆஸ்பத்திரியும் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கு ஒரு பிரிவு வந்தது. சீனாவிலும் 2017-ல் உதவி செய்பவரைக் காக்கும் சட்டம் வந்தது. இரண்டு பெரிய நாடுகள், 'கீழே விழுந்தவரைத் தூக்கினால் தண்டனை இல்லை' என்று சட்டம் போட வேண்டியிருந்தது. நம் பாட்டிகள் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

தமிழில் ஒரு வார்த்தை உண்டு. 'பார்த்துக்கொள்'. பேச்சில் 'பாத்துக்கோ'. 'வீட்டைப் பாத்துக்கோ', 'பாப்பாவைப் பாத்துக்கோ', 'அம்மாவை யாரு பாத்துக்கறா?' இதில் பார்ப்பது கண்ணின் வேலை மட்டுமில்லை. வேளாவேளைக்குச் சோறு, மாத்திரை, விசாரிப்பு, பொறுப்பு எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது. கேமரா பார்க்கிறது. பார்த்துக்கொள்வதில்லை. இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில்தான் அந்தக் குழந்தை விழுந்து கிடந்தது.

வள்ளுவர் இதை யோசித்திருக்கிறார் போலிருக்கிறது. உங்கள் வீட்டில் குறள் புத்தகம் இருந்தால் 58-ஆம் அதிகாரத்தைப் பிரியுங்கள். கண்ணோட்டம். ஒருவரைக் கண்டதும் மனசு இளகி அவர் பக்கம் ஓடுகிற குணம். அது இல்லாத கண்ணை வள்ளுவர் என்ன திட்டுத் திட்டுகிறார் என்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அடுத்த அதிகாரம், 59, என்ன தெரியுமா? ஒற்றாடல். உளவு பார்ப்பது. ராஜா என்றால் ஒற்றர் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நாடாள்கிறவனுக்கு இரண்டு கண்ணும் தேவை. ஆனால் கண்ணோட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஒற்றாடலுக்கு வருகிறார். இந்த வரிசை தற்செயலாகவே இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் கண் இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சீனாவிலேயே உதாரணம் இருக்கிறது. மேற்கே ஷின்ஜியாங்கில், உய்குர் முஸ்லிம்கள் வாழும் பகுதியில் போலீஸ் பயன்படுத்திய ஒரு செயலியைப் பிரித்து ஆராய்ந்து, 2019-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டது. அண்டை வீட்டாரோடு அதிகம் பழகாதவர், வாசல் கதவைப் பயன்படுத்தாமல் அடிக்கடி வேறு வழியாகப் போகிறவர், வழக்கத்தைவிட அதிகம் மின்சாரம் செலவழிப்பவர் எல்லாம் விசாரிக்கப்பட வேண்டியவர் பட்டியலில் வந்தார்கள். கிரைண்டர் ஓட்டினால்கூடச் சந்தேகம்! கூச்ச சுபாவம் குற்றமாகிற ஊரில் நல்லவனாக இருப்பது எப்படி? முடியாது. சராசரியாக இருக்கத்தான் முடியும்.

'அது அங்கே, சர்வாதிகாரம்' என்று சொல்லிவிடலாம். இங்கே வருவோம். வடசென்னை என்றாலே சினிமாவில் பட்டாக்கத்தி. வியாசர்பாடி, காசிமேடு என்று முகவரி சொன்னால் வேலைக்கு எடுக்கிறவரின் புருவம் ஒரு மில்லிமீட்டர் உயரும். ராத்திரி ஒரு பையனை நிறுத்தி, செல்போனில் அவன் முகத்தைப் படம் பிடித்து, பழைய குற்றவாளிகள் பட்டியலோடு ஒப்பிடும் வழக்கம் சென்னை போலீஸில் 2017 வாக்கில் தொடங்கியது. துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு ஒரு மணிக்கு மாதவரம் திரும்புகிறவனுக்கும், அடையாறில் காரில் போகிறவருக்கும் இந்தச் சோதனை ஒரே அளவில் நடக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

மெஷின் பாரபட்சம் பார்க்காது என்பார்கள். 2018-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜாய் புவோலம்வினி என்ற ஆய்வாளர், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார். வெள்ளைத் தோல் ஆண்களிடம் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. கறுத்த பெண்களிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறின மென்பொருளும் இருந்தது. எண்ணூர் வெயிலில் கறுத்த முகங்களுக்கு இதில் செய்தி இருக்கிறது. போதாததற்கு, 2024 மே மாதம் தமிழ்நாடு போலீஸின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்துவிட்டான் என்று செய்தி வந்தது. திருடனைப் பிடிக்க வைத்த கண்ணுக்குள் திருடன்.

அப்படியானால் கேமராவைக் கழற்றி எறிவதா? வேண்டாம். சாத்தான்குளத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 2020 ஜூன். போலீஸ் காவலில் ஒரு தந்தையும் மகனும் அடிபட்டு இறந்தார்கள். கடை வாசலில் அவர்கள் தகராறு செய்தார்கள், தரையில் உருண்டார்கள் என்று எழுதியது முதல் தகவல் அறிக்கை. பக்கத்துக் கடையின் கேமரா அதைப் பொய் என்று காட்டியது. ஆனால் ஸ்டேஷனுக்குள் இருந்த கேமராவில் அந்த ராத்திரி இல்லை. சேமிக்க இடம் இருந்தும், தினமும் பதிவு தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஒரே ஊர், ஒரே சம்பவம், இரண்டு கேமரா. மளிகைக் கடை அண்ணாச்சியின் கேமரா மாதிரி ஒன்று உண்மையைச் சொன்னது. அதிகாரத்தின் கையில் இருந்தது கண்ணை மூடிக்கொண்டது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி கேமரா வேண்டுமா என்பதில்லை. அந்தக் கண் யார் பக்கம் திரும்பியிருக்கிறது? அதன் பின்னால் இருப்பவரை நாம் திருப்பிப் பார்க்க முடியுமா?

சீனர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேமராக் கம்பெனிகள் இருக்கும் அதே ஹாங்சோவில், குவோ பிங் என்ற சட்டப் பேராசிரியர், மிருகக்காட்சிப் பூங்கா ஒன்று நுழைவதற்கு முகத்தைக் கேட்டதற்காக 2019-ல் வழக்குப் போட்டார். 2021-ல் மேல்கோர்ட், அவர் தகவலை அழிக்கச் சொன்னது. ஒரு தனிமனிதன், 'என் முகம் என்னுடையது' என்று அந்த நாட்டில் நின்று சொன்னது சின்ன விஷயமில்லை.

அங்கே இன்னொரு பழங்கதையும் உண்டு. ஹான் வம்சத்து ராஜ்ஜியத்தில் யாங் ஜென் என்று ஓர் அதிகாரி. அவரால் பதவி பெற்ற ஒருவன் ராத்திரியில் தங்கத்தோடு வந்து, இருட்டில் யாருக்குத் தெரியும் என்றான். வானம், பூமி, நீ, நான் என்று ஏற்கெனவே நாலு சாட்சி இருக்கிறதே என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். அந்த நாலில் மூன்றை விட்டுவிடுங்கள். 'நான்' என்ற சாட்சிதான் விஷயம். கன்பூசியஸ் வழி வந்தவர்கள், தனியாக இருக்கும்போது ஜாக்கிரதையாக இருப்பதுதான் பெரிய மனிதனின் லட்சணம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கேமரா எல்லா மூலையிலும் வந்துவிட்டால் தனியாக இருப்பதற்கே இடமில்லை. பயிற்சி எங்கே எடுப்பது?

நம் பக்கத்திலும் கதை இருக்கிறது. மாதவரத்திலிருந்து மணலி வழியாகக் கிழக்கே போனால் திருவொற்றியூர். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிற கதை நடந்த இடம். சுந்தரர் அங்கே பூக்கட்டும் சங்கிலியாரை விரும்பினார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சிவன் சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். ஏற்கெனவே திருவாரூரில் பரவையார் இருக்கிறார். எனவே சுந்தரர் கடவுளிடமே தனியாகப் பேசி, நான் சத்தியம் செய்யும்போது நீர் கொஞ்சம் வெளியே போய் மகிழ மரத்தடியில் இரும் என்று கேட்டுக்கொண்டார். சரி என்ற சிவன், சங்கிலியாரிடம் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் கேள் என்று சொல்லிவிட்டார்! சத்தியம் செய்தார். ஒருநாள் அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று.

கேமராவைத் துணி போட்டு மூடுகிற தந்திரம் நம் நாயன்மார் காலத்திலேயே இருந்திருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. கண் போன சுந்தரருக்கு வழியில் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் வந்தது. ஆரூரில் மற்றொன்று. தண்டித்த அதே சாட்சி அவரைக் கைவிடவில்லை. திட்டுவதற்கு உரிமையுள்ள தோழனாக சுந்தரர் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனார். அண்ணாச்சி சொன்னாரே, 'மேல உள்ளவன் பாத்துக்கிடுவான்' என்று. அந்த வார்த்தையில் இரண்டும் இருக்கிறது. கண்காணிப்பான், காப்பாற்றவும் செய்வான். கேமராவிடம் முதல் பாதியைத்தான் வாங்க முடியும். அதனோடு சண்டை போட முடியாது. ஊன்றுகோலும் கொடுக்காது.

அடுத்த முறை உங்கள் தெருவில் கேமராவுக்கு வசூல் என்று வந்தால் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். காட்சி யாரிடம் இருக்கும்? எத்தனை நாள் இருக்கும்? யார் கேட்டால் காட்டுவீர்கள்? தப்பான ஆளைக் காட்டினால் நாங்கள் யாரிடம் போவது? பதில் சொல்ல ஆளிருந்தால் அது காவல். இல்லையென்றால் வெறும் பயம்.

அதோடு வசூலில் அடங்காத ஒரு வேலையும் இருக்கிறது. மாதவரம் பால் பண்ணையிலிருந்து விடியற்காலை வண்டியேறும் பாக்கெட்டுகள் எத்தனையோ வாசல்களில் போய் விழுகின்றன. அதில் ஒரு வாசலில் வயதான அம்மா தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். நேற்றைய பாக்கெட் எடுக்கப்படவில்லை. இன்றைய பாக்கெட் அதன் பக்கத்தில் கிடக்கிறது. எதிர்வீட்டுக் கேமரா இரண்டையும் தெளிவாக, தேதி நேரத்தோடு பதிவு செய்துகொண்டிருக்கிறது.

யாராவது போய்க் கதவைத் தட்ட வேண்டும்.